பத்துக்கு ஒன்பது வாங்கிய வடை

பத்துக்கு ஒன்பது மதிப்பெண் வாங்கிய அந்த வடையை எங்கள் வீட்டில் யாரும் சுடவே இல்லை. இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

போன வாரம் என் மகள் தன் விடைத்தாளைக் காட்டினாள். இரண்டு எழுத்தாளர்கள் தாங்கள் உண்ட உணவையும் உபசரித்தவரையும் எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஒப்பிட வேண்டும். புகழ்ந்தவர் நன்றியுள்ளவர், குறை சொன்னவர் நன்றிகெட்டவர் என்று இரண்டே வரியில் முடித்திருந்தாள். முழு மதிப்பெண். தாளை அவள் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன். பிள்ளை மிரண்டுபோனாள். அவளைச் சொல்லி என்ன? ஏழாம் வகுப்பில் நானும் அப்படித்தான் ஒப்பிட்டேன்.

அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறை முழுக்கத் தறி. சமையலும் சாப்பாடும் அதற்குப் பின்னால் இருந்த சின்ன இடத்தில். ஒரு சனிக்கிழமை சிறப்பு வகுப்பு மதியத்தோடு முடிந்தது. ரெட்டியபட்டியிலிருந்து வரும் தோழிக்கு மூன்று மணிக்குத்தான் பஸ். அவளையும், கூடவே ஒட்டிக்கொண்ட நூல்கடைக்காரர் மகளையும் வீட்டுக்கு அழைத்துப் போனேன். அம்மாவிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த அம்மா எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மூன்று தட்டு வைத்தாள். சோறு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, சுட்ட அப்பளம். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை தமிழ் டீச்சர் 'நான் உண்ட விருந்து' என்று கட்டுரை எழுதச் சொன்னார். இரண்டு பேரும் எங்கள் வீட்டைப் பற்றியே எழுதினார்கள்.

நூல்கடைக்காரர் மகளின் கட்டுரையில் வடையும் பாயசமும் மூன்று வகைக் கூட்டும் இருந்தன. பரிமாறிய அன்னையின் முகம் தாமரையாக மலர்ந்திருந்தது. எங்கள் வீட்டில் இருந்த நேரம் முழுக்க அவள் தறியைத்தான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் முகத்தை எப்போது பார்த்தாளோ!

ரெட்டியபட்டிக்காரி எழுதியது அரைப் பக்கம். "புளிக்குழம்பில் உப்பு குறைவு. மூன்றாம் முறை சோறு போட வந்தபோது பானையின் அடியில் கரண்டி உரசும் சத்தம் கேட்டது. நிறைய இருக்கு தாயி, கூச்சப்படாம சாப்பிடு என்று தோழியின் அம்மா சொன்னது பொய். எனக்கு இன்னும் பசித்தது. போதும் என்று எழுந்துவிட்டேன்."

டீச்சர் இரண்டையும் உரக்கப் படித்தார். "ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? சொல்லுங்க பாப்போம்."

நான்தான் முதலில் எழுந்தேன். "டீச்சர், எங்கம்மாவப் பொய்க்காரின்னு எழுதிருக்கா. எங்க வீட்டுல வயிறு நிறையலையாம்!"

வகுப்பே சிரித்தது. டீச்சர் அவள் பக்கம் திரும்பினார். "சோறு போட்ட வீட்ட இப்படியா எழுதுவ? நன்றி இருக்கா ஒனக்கு?" பத்துக்கு இரண்டு. வடை எழுதியவளுக்குப் பத்துக்கு ஒன்பது. அன்று முழுவதும் அவள் வகுப்புக்கு வெளியே நின்றாள். ஒரே வகுப்பில், நடக்காததை எழுதியவளுக்குக் கைதட்டல், நடந்ததை எழுதியவளுக்கு வெயில். அந்த டீச்சரின் மேல் இன்றும் எனக்குக் கோபம்தான். கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி என்பதில் அதைவிடக் கோபம்.

மணி அடித்ததும் அவள் என்னிடம் வந்தாள். "ஏ புள்ள, நான் ஒண்ணும் இட்டுக்கட்டலையே. அன்னைக்கு ஒங்கம்மா சாப்டாகளா? அவுகளையே கேட்டுப் பாரு."

"ஒங்கூடப் பேச்சே இல்ல, போ."

வீட்டுக்கு வந்து தாமரையையும் பொய்யையும் ஒன்று விடாமல் அம்மாவிடம் ஒப்பித்தேன். அம்மாவும் என்னோடு சேர்ந்து கொதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். ராட்டை நின்றது. அம்மா எங்கள் வீட்டுப் பேச்சான தெலுங்கில் மெதுவாகக் கேட்டாள்: "அந்தப் புள்ள பசியோடவா எந்திரிச்சுச்சு?"

வடையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அம்மா கூடுதலாக ஒரு ஆழாக்கு அரிசி போட்டாள். "அந்த ரெட்டியபட்டிப் புள்ளயக் கூட்டிட்டு வா." நான் கூப்பிடவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் உலை பெரிதாக வைத்தாள். நான் தனியாக வந்து நிற்பதைப் பார்த்து, தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவமானப்படுத்தியவளுக்குப் போய் இப்படிக் காத்துக் கிடக்கிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்றாவது வாரம் அம்மா அரிசி அளக்கும்போதே சொல்லிவிட்டேன்: "அவ வர மாட்டாளாம். நம்ம வீட்டுச் சாப்பாடு அவளுக்குப் பிடிக்கலையாம்."

அம்மா என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அளந்த அரிசியில் ஒரு கை அள்ளி மீண்டும் டப்பாவிலேயே போட்டாள். கடைசி வரை அதை நம்பினாள்.

அம்மாவின் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்று நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.