புளிக்காத தயிர்

அவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். கூட வேலை செய்கிறவர்கள் 'மேலகீழ' என்று கூப்பிடுவார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கணவர் இறந்த பிறகு அக்கா அவரோடு வந்து சேர்ந்துகொண்டாள். சீருடை தைக்கிற ஆலையில் ஆயுளைக் கழித்தவள். தம்பி சட்டையில் பட்டன் ஆடினால், கழற்றக்கூட விடாமல் வாசற்படியில் நிற்கவைத்தே தைத்துவிடுவாள். தைத்து முடிகிறவரை திட்டு ஓயாது.

அந்த வாயைத்தான் பக்கவாதம் பிடித்தது. வாயோடு வலது கையையும் தொண்டையையும். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னார்: "தண்ணியா எதுவும் குடுக்காதீங்க, புரை ஏறும். கெட்டியா, வழவழன்னு இருக்கணும். தயிர் நல்லது. ஆனா உடம்புல சர்க்கரை எகிறிக் கிடக்கு. சர்க்கரை சேர்க்காததா பாத்து வாங்குங்க."

இதென்ன பெரிய காரியம் என்றுதான் அவர் நினைத்தார்.

கடையில் ஒரு சுவர் நீளத்துக்குக் குளிர்பெட்டி. அது முழுக்கத் தயிர். வேலைக்கு வைத்திருக்கும் டார்ச்சை எடுத்து டப்பா டப்பாவாகத் திருப்பிப் பார்த்தார். 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்று முன்னால் கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒன்றின் பின்னால், எறும்பு எழுத்தில் திராட்சைப் பாகு இருந்தது. இன்னொன்றில் தேன். ஒன்றுமே சேர்க்காததைக் கடைசியில் கண்டுபிடித்து வாங்கிப்போனார்.

முதல் கரண்டியிலேயே அக்காவின் முகம் கோணியது. பாதி தாடையில் வழிந்தது.

"புளி... புளிக்குதுடா." வார்த்தை குழறித்தான் வந்தது.

"கொஞ்சம் பழகிக்கோக்கா."

"நீ பழகு."

அடுத்த நாள் வேறொன்று. அதற்கடுத்து வேறொன்று. இனிப்புக்கு ஏதோ பொடி கலந்த தயிர் வயிற்றைக் கலக்கி அவளைப் பாடாய்ப் படுத்தியது. வாழைப்பழம் மசித்துக் கலந்ததில் சர்க்கரை ஏறி, டாக்டரம்மா போனிலேயே கோபித்துக்கொண்டார். அக்கா இளைத்துக்கொண்டே போனாள். குளிப்பாட்ட வருகிற பக்கத்து வீட்டம்மா, "எலும்பு தட்டுப்படுதுங்க" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். ஒவ்வொரு வேளையும் கரண்டியைப் பார்த்ததும் அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொள்வதும், இவர் கெஞ்சுவதும், பிறகு ஒரு அதட்டு அதட்டிவிட்டுத் தாமே குறுகிப்போவதுமாக நாட்கள் நகர்ந்தன.

வீட்டிலேயே உறை ஊற்றிப் பார்த்தார். குளிர்காலம். பால் பாலாகவே இருந்தது. அடுப்போரம் வைத்தால் திரிந்தது. அப்போதுதான் அவருக்கு மோட்டார் அறை ஞாபகம் வந்தது. அவர் பொறுப்பில் இருந்த பழைய அடுக்குமாடி ஒன்றின் உச்சியில், லிஃப்டை இழுக்கிற மோட்டார் இருக்கும் அறை. எந்தக் குளிரிலும் அது கதகதப்பாக இருக்கும்.

தூக்குப் பாத்திரத்தில் காய்ச்சிய பாலைக் கொண்டுபோய், துளி உறை ஊற்றி, பழைய போர்வையில் சுற்றி மூலையில் வைத்தார். சாயங்காலம் திறந்தால் கத்தியால் வெட்டலாம் போல் உறைந்திருந்தது. விரலால் தொட்டு நக்கினார். புளிப்பே இல்லை. பாலின் தித்திப்பு அப்படியே இருந்தது. துணியில் கட்டி நீரை வடித்து, பேருந்தில் மடியில் வைத்துக் குழந்தையைப் போல் கொண்டுவந்தார்.

அக்கா ஒரு வாய் வாங்கினாள். உதடு மூடவில்லை. இன்னொரு வாய். கிண்ணம் காலியானது.

"எப்படிக்கா இருக்கு?"

"நல்லா... இருக்குடா."

அவர் சமையலறைக்குள் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அந்தச் சந்தோஷம் கொஞ்ச நாள்தான். மோட்டார் அறையைச் சோதிக்க வந்த மேற்பார்வையாளர் போர்வையைப் பிரித்துப் பார்த்தார்.

"என்னய்யா இது?"

"தயிருங்க. அக்காவுக்கு."

"புரியுது. எனக்கும் அம்மா இருக்காங்க. ஆனா மெஷின் ரூம்ல துணி, பாத்திரம்னு இருந்து தீப்பிடிச்சா உங்க வேலையும் போகும், என் வேலையும் போகும். எடுத்துடுங்க."

மேற்பார்வையாளர் சொன்னது நியாயம்தான். பாத்திரத்தோடு படியிறங்கினார்.

மறுபடியும் கடைத் தயிர். மறுபடியும் கோணிய முகம். அந்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, டாக்டரம்மா ருசி தெரிந்தால் தலையாட்டச் சொல்லிவிட்டு, பஞ்சு சுற்றிய குச்சியால் அக்காவின் நாக்கில் ஏதேதோ தொட்டுவைத்தார். சர்க்கரைக் கரைசல் தொட்டதற்கு அக்கா தலையை ஆட்டவில்லை. உப்புக்கும் ஆட்டவில்லை. எலுமிச்சைக்கு மட்டும் முகம் சுளித்தாள்.

"பக்கவாதத்துல ருசியும் போயிருக்கு. புளிப்பு ஒண்ணுதான் தெரியுது" என்றார் டாக்டரம்மா.

"எப்போ திரும்பும்?"

"திரும்பலாம். திரும்பாமலும் போகலாம். உறுதியா சொல்ல முடியலைங்க."

அவர் வீட்டுக்குக் கூட்டிவந்தார். அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து, காலுறையைக் கழற்றியபடி கேட்டார்.

"அன்னைக்கு நான் செஞ்சு கொண்டுவந்தேனே, அது நல்லா இருக்குன்னு சொன்னியேக்கா?"

அக்கா குழறிக் குழறிச் சொன்னாள்.

"மண்ணு மாதிரி... ஒண்ணுமே தெரியலடா. நீ அவ்வளவு தூரம்... தூக்கிட்டு வந்தே."

அவர் கையில் அவளுடைய ஒற்றைக் காலுறை இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். இத்தனை நாளும் அவளுக்குத் தெரியவே தெரியாத ருசியைத் தேடியா கடை கடையாக ஏறி இறங்கினோம் என்று கோபப்படப் பார்த்தார். கோபம் வரவில்லை. கோபித்துக்கொள்ள அங்கே யாருமில்லை.

"சரி, நாளைக்கு எதை வாங்கட்டும்?"

"எதையாவது வாங்கு."

"புளிக்குமேக்கா."

"புளிக்கட்டும்" என்றாள் அக்கா. "அது ஒண்ணாவது... தெரியுதே."

அவர் எழுந்து போய், குளிர்பெட்டியில் மிச்சமிருந்த தயிரை எடுத்துவந்தார். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். நான்காவது கரண்டியில் தலையைத் திருப்பிக்கொண்டாள். அவர் வற்புறுத்தவில்லை. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் மறுபடி திரும்புவாளா என்று பார்த்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.