தேசிக்காய் படம் போட்ட போத்தல்

யுத்தம் முடிந்து சில வருடங்கள். புத்தளம் டவுனில் ஓர் அச்சகத்தில் டிசைனராகச் சேர்ந்து எனக்கு எட்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் பெரிய ஆள் என்ற நினைப்பு வந்துவிட்டது. கல்யாணக் கார்ட், கட்சி நோட்டீஸ் என்று யாராவது வந்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வேன். கொஞ்சம் நேரம் கிடைத்தால் போதும், வெளிநாட்டு டிசைன் விருதுகளில் ஜெயித்த வேலைகளைக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டே இருப்பேன். நிறைய வெள்ளை இடம், ஒரேயொரு படம், எறும்பு மாதிரி எழுத்து. அப்படியொரு அழகு! என் பெயரும் அந்தப் பட்டியலில் வராதா என்று கிடந்து ஏங்கினேன்.

அந்த நேரம் பார்த்து கொழும்பில் இளம் டிசைனர்களுக்கு ஒரு போட்டி அறிவித்தார்கள். கற்பிட்டிப் பக்கமிருந்து ஓர் அன்ரி லேபல் அடிக்க வந்ததும் அதே வாரம்தான். வீட்டிலேயே தரை கழுவும் திரவம் செய்து விற்கிறவர். தேசிக்காய், அதாவது எலுமிச்சை வாசம், பச்சை நிறம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "குடிக்க வேண்டாம் என்டு சிவப்பில பெரிசாப் போடுங்க மகள்."

எனக்கு அது பட்டிக்காட்டுத்தனமாகப் பட்டது. வெள்ளை லேபலில் பாதி வெட்டிய தேசிக்காய் ஒன்றைப் போட்டேன். எச்சரிக்கையைப் பின்பக்கம் சாம்பல் நிறத்தில், கண்ணாடி போட்டாலும் வாசிக்க ஏலாத அளவில் ஒளித்துவைத்தேன். அன்ரி கொஞ்சம் தயங்கினார். பிறகு, "நீங்க படிச்ச பிள்ளை" என்று ஒப்புக்கொண்டுவிட்டார்.

அது நோன்பு காலம். அன்ரி தந்த போத்தலில் மாதிரிக்கு லேபலை ஒட்டி, காலையில் எங்கள் சமையல் குசினி மேசையில் வைத்து, பக்கத்தில் நிஜத் தேசிக்காய்களும் ஒரு கிளாஸும் வைத்துப் போட்டிக்குப் படம் எடுத்தேன். நேரம் போய்விட்டது என்று எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு வேலைக்கு ஓடினேன்.

பின்னேரம் நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது வீட்டுக்கு வந்தேன். மேசையில் போத்தல் பாதியாகக் கிடந்தது.

"உம்மா, இதில இருந்தது எங்க?"

"சர்பத்துக்கு ஊத்தினன். நல்ல சாமான் புள்ள, கொஞ்சத்திலேயே பச்சையா வந்துட்டு. பக்கத்து வீட்டுக்கும் ஒரு ஜக் குடுத்தன்."

உம்மாவுக்கு இரண்டு நாளாகத் தடிமன், மூக்கடைத்து மணம் தெரியவில்லை. நோன்பு என்றபடியால் ருசியும் பார்க்கவில்லை. நுரை வந்ததைக்கூட சீனி கலக்கினதால் என்று நினைத்தாராம்.

"யா அல்லாஹ்! அதக் குடிக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே செருப்பும் இல்லாமல் ஓடினேன். பக்கத்து வீட்டு ராத்தா ஏழு மாதக் கர்ப்பம். எத்தனையோ வருடம் காத்திருந்து கிடைத்த பிள்ளை. நோன்பு வேண்டாம் என்று எல்லோரும் சொல்லியும் கேட்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். நான் அவர்கள் வாசலில் கால் வைக்கவும் பள்ளிவாசலில் பாங்கு சொல்லவும் சரியாக இருந்தது.

ராத்தாவின் வாயில் பேரீச்சம்பழம். கையில் கிளாஸ், பச்சையாக, கசகசா மிதந்தபடி.  பாய்ந்துபோய்த் தட்டிவிட்டேன். அவருடைய உடுப்பெல்லாம் நனைந்தது.

"உனக்கென்ன பைத்தியமா?" என்று அவருடைய கணவர் எழும்பினார். அவருடைய கிளாஸும் அப்படியே நிறைந்திருந்தது. அவரும் அப்போதுதான் பழத்தை மென்றுகொண்டிருந்தார். மூச்சு வாங்க வாங்க விஷயத்தைச் சொன்னேன்.  பிறகு ராத்தா வயிற்றில் கையை வைத்துக்கொண்டு "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நான் தரையில் குந்தி ஓவென்று அழுதேன்.

"அழுறத விடு. முதல்ல நோன்பத் திற" என்று என் கையில் ஒரு பேரீச்சம்பழத்தைத் திணித்தார் ராத்தா. பழத்தோடு நோன்பு திறக்கிற அந்தப் பழக்கம் தந்த அந்தச் சில விநாடிதான் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது. 

அடுத்த நாள் காலையில்தான் லேபல் மெஷினில் ஏறவிருந்தது. முதல் ஆளாகப் போய் நிறுத்திவிட்டு, அன்ரிக்கு ஃபோன் எடுத்து எதையும் மறைக்காமல் சொன்னேன். "அந்தச் சிவப்பு எழுத்தத்தானே மகள் நான் கேட்டன்" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை ஏசவில்லை. தேசிக்காயைத் தூக்கிவிட்டு வாளியும் தரை கூட்டும் தும்புத்தடியும் போட்டேன், சிவப்பு எழுத்தை மூன்று மொழியிலும் முன்பக்கத்துக்குக் கொண்டுவந்தேன். போட்டிக்கு எதையும் அனுப்பவில்லை.

பிறகொரு நாள் அதே விருதுப் பக்கங்களைத் திரும்பப் பார்த்தேன். ஜெயித்திருந்த ஒரு மருந்துப் பெட்டியில் பெயரைவிட எச்சரிக்கைதான் பெரிதாக இருந்தது. முன்பு அதை அழகில்லை என்று தாண்டிப் போயிருக்கிறேன்.

ராத்தாவின் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இன்றைக்கும் நோன்புக்கு நான் சர்பத் கொண்டுபோனால் ராத்தா முகர்ந்து பார்த்து, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் வாங்குவார். நானும் சிரிப்பேன். ஆனால் ஒவ்வொரு புது லேபலையும் முடிக்கிறபோது, நாளெல்லாம் தாகத்தோடு இருந்து பாங்கு கேட்டதும் கை நீட்டுகிற ஒரு ஆள் இதை எடுத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்காமல் என்னால் அதை அச்சுக்குக் கொடுக்க முடிவதில்லை.