பச்சைக்கு நடுவே ஒரு மஞ்சள் கட்டம்

ருமேனியாவை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் அங்கே ஒரு பள்ளத்தாக்கில் எந்தக் காணி காடாகும், எது வயலாகவே இருக்கும் என்று இத்தாலியின் பலெர்மோவில் எங்கள் சாப்பாட்டு மேசையிலிருந்து கணித்துக்கொண்டிருந்தேன். பட்டப்படிப்பு ஆய்வு. கம்யூனிச ஆட்சி போய்க் கூட்டுப்பண்ணைகள் கலைந்த நாளிலிருந்து எடுத்த செயற்கைக்கோள் படங்களைக் கணினிக்குக் காட்டிப் பழக்கினால், வருங்கால வரைபடத்தை அது வரைந்து தரும். மஞ்சள் வயல், பச்சை காடு.

ஒரு கிராமம் மட்டும் அடம்பிடித்தது. தட்டை நிலம், பக்கத்திலேயே வீதி. மஞ்சளாக இருக்கவேண்டிய இடம். படங்களிலோ பச்சை ஏறிக்கொண்டே போனது. காரணம் சொல்லாவிட்டால் பேராசிரியர் கையெழுத்து வைக்கமாட்டார். ஒரு கிழமைதான் மிச்சம்.

அந்தப் பள்ளத்தாக்கை நான் தெரிந்தெடுத்ததே, நகரின் கால்சாப் பகுதியில் அம்மாவோடு ஒரே வயதான சிஞ்ஞோரா, அதாவது எசமானி, வீட்டில் வேலை செய்யும் ருமேனிய அக்காவின் ஊர் அது என்பதால்தான். ஆனால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விஞ்ஞானம் அல்லவா!

வியாழன் பின்னேரம் இருவருக்கும் ஓய்வு. அம்மா அவரைத் தேத்தண்ணிக்குக் கூட்டிவந்தார்.

"உந்தக் கணினியைத் தள்ளி வை."

"அம்மா, ருமேனியா முழுக்க இதுக்குள்ளைதான் கிடக்கு."

"கிடக்கட்டும். வடையை எங்கை வைக்கிறது?"

அதற்குள் அக்காவின் எண்ணெய் விரல் திரையில் ஒரு கட்டத்தில் குத்தியது. அவர் இத்தாலியத்தில் கத்தியதை எங்கள் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

"இது என்ரை காணி! ஏன் பச்சை?"

"காடு வந்திட்டுது அக்கா. சரிவு, மண், வீதி எல்லாம் போட்டுப் பாத்தன். காரணம்தான் பிடிபடேல்லை."

"நான் இஞ்சை சிஞ்ஞோராவைக் குளிப்பாட்டிக்கொண்டு நிக்கிறன். பக்கத்துக் காணிக்காரி அடுத்த ஊர் பகேரியாவிலை இன்னொரு கிழவியோடை. அங்கை ஆர் உழுகிறது?"

அம்மாவுக்குச் சிரிப்பில் தேத்தண்ணி புரைக்கேறியது. "ரண்டு வருசமா வானத்திலை பாத்துக்கொண்டிருந்தியே, ஒருநாள் என்னோடை வேலைக்கு வந்திருக்கலாமெல்லே!"

குடிசன மதிப்பீட்டிலிருந்து, ஊரைவிட்டுப் போனவர்களின் தொகையையும் அங்கேயே சேர்த்தேன். கணக்கு அப்படியே பொருந்தியது. துள்ளிக்குதித்து வருங்கால வரைபடத்தை அக்காவுக்குக் காட்டினேன்: "முழுக்கக் காடு!"

அவர் உடனே தொலைபேசியை எடுத்து, ஊரில் பஸ் ஓட்டும் தம்பியைப் பிடித்து ருமேனிய மொழியில் வெளுத்து வாங்கினார்.

"என்ன சொல்லுறா?" என்றார் அம்மா.

"நாளைக்கே பற்றையை வெட்டட்டாம்" என்றேன். எனக்கு ருமேனிய மொழி தெரியாது; அவர் காற்றை வெட்டிய கையசைவே போதுமாயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை படம் வந்தது: வெட்டிக் குவித்த பற்றை, மேலே கோடரியோடு தம்பி. நான் கணித்த முதல் எதிர்காலம் மூன்று நாள் தாக்குப்பிடித்தது. அக்காவின் கட்டத்தை மஞ்சளாக மாற்றினேன்.

பேராசிரியர் வரைபடத்தை உற்றுப் பார்த்தார். பச்சைக்கு நடுவே ஒரேயொரு மஞ்சள் கட்டம்.

"இது பிழையா?"

"இல்லை, பஸ் சாரதி" என்றேன். முழுக்கதையையும் கேட்டு முடித்தபிறகுதான் பேனாவைத் தேடினார்.