ஹரியின் எடிட்டரும் ஒரு சம்சாரமும்

போன வாரம், மலையாள தேசத்தில் இருக்கும் எங்கள் கரமனை வீட்டில் ஒரு கல்யாணம் கை நழுவப் பார்த்தது. காரணம் ஜாதகம் இல்லை. ஒரு எடிட்டர்.

பத்திரிகை எடிட்டர் என்று நினைத்துவிடாதீர்கள். கம்ப்யூட்டரில் எழுதுவதற்கான சாமான் அது. என் தம்பி மகன் ஹரி என்னோடுதான் இருக்கிறான். ஆபீஸ் வேலை முழுக்க அதில்தான். அதாவது... வேலை செய்தால்!

நான் பார்த்தவரை அவன் அதில் எழுதுவதே இல்லை. அதைச் சிங்காரிக்கிறான். ஒரு நாள் கறுப்புப் பின்னணி, மறுநாள் பச்சை எழுத்து. இந்தக் கீயை அமுக்கினால் அந்த வார்த்தை. அந்தக் கீயை அமுக்கினால் முழு வரி.

“ஒரு தடவை செட் பண்ணிண்டா மதி அத்தே. அப்புறம் ஆயுசு பூரா டைம் லாபம்.”

மலையாளப் பள்ளியில் படித்தவன். அவனுக்கு ‘மதி’ என்றால் போதும் என்று அர்த்தம்.

“மதி இருந்தா நீ ஏண்டா நாள் பூரா இதையே நோண்டிண்டிருக்கே?” என்றேன்.

மிச்சம் பிடித்த நேரத்தை என்ன செய்கிறான்? இன்னும் நேரத்தை மிச்சம் பிடிக்க வழி தேடுகிறான். கரண்டிக்குப் பிடி மாற்றிக்கொண்டே இருப்பவன் குழம்பு வைத்த மாதிரிதான்.

இவனுக்குத் திருநெல்வேலியிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் கோமதி, தமிழ் டீச்சர். ஹரியோடு ஃபோனில் பேசினாள், அவளுக்குப் பிடித்திருந்தது. ஒன்றே ஒன்று கேட்டாள்: “தமிழ்ல நாலு வரி எழுதி ஈமெயில் அனுப்புங்கோ. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தமிழ் சொல்லித் தரேன். ஆத்துக்காரருக்கு எழுத வராதுன்னா சிரிக்க மாட்டாளா?”

நாலே வரி. ஒரு வாரம் ஆயிற்று. தமிழ் ஃபாண்ட் தேடினான். தமிழ் கீபோர்டை மாற்றியமைத்தான். ஒரு வழியாக முதல் வரி வந்தது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். படித்தேன்.

‘எனக்கு சம்சாரம் குறைவு.’

“எத்தனை பேர்டா? ரெண்டா, மூணா?”

“எந்தா அத்தே?”

“தமிழ்ல சம்சாரம்னா பொண்டாட்டிடா, அசடு!”

மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. எங்கள் வீட்டிலோ மனைவியை ஆம்படையாள் என்போம். அவன் பாவம், எங்கே கேட்டிருப்பான்?

சரி, அந்த ஒரு வார்த்தையை அழித்துவிட்டு வேறு எழுதலாம் அல்லவா? மாட்டான். இனி எப்போது ‘சம்சாரம்’ என்று அடித்தாலும் அதுவே ‘பேச்சு’ என்று மாறிக்கொள்ளும்படி எடிட்டரில் ஏற்பாடு செய்தான். அதற்கு ஒரு சாயங்காலம்!

மறுநாள் கோமதியின் அம்மா கூப்பிட்டாள். “மாமி, மும்பைலேந்து ஒரு வரன் விடாம கேட்டுண்டிருக்கா. நாளைக்குப் பதில் சொல்றதா இருக்கோம். இவ என்னவோ உங்காத்துப் பிள்ளையோட லெட்டருக்குக் காத்துண்டிருக்கா...”

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். “அடிடா.” மூன்று வரி தட்டுத்தடுமாறி அடித்தான். நாலாவது வரவில்லை. நானே சொன்னேன். எழுத்தில் ஆம்படையாள் என்று போட்டால் நன்றாக இருக்குமா? மதிப்பாகச் சொன்னேன்: ‘நல்ல சம்சாரம் அமைந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம்.’

அடித்தான். அனுப்பினான். பிறகுதான் நிமிர்ந்து பார்த்தான்.

‘நல்ல பேச்சு அமைந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம்.’

“ஐயோ அத்தே... போச்சு!”

“போகட்டும். உன் எடிட்டரையே கட்டிக்கோ. கலர் கலரா மாத்திப் பார்த்துண்டிருக்கலாம்.” அப்படித்தான் சொன்னேன். ஆனால் உள்ளுக்குள் கவலைதான். இவனுக்கு இப்படி ஒரு பெண் இனி எங்கே கிடைக்கும்?

காலையில் கோமதியே எனக்கு ஃபோன் செய்தாள்.

“மாமி, இதுவரைக்கும் வந்தவா எல்லாம் சமைப்பியா, வேலையை விடுவியான்னுதான் கேட்டா. பேச்சு வேணும்னு சொன்னது இவர் ஒருத்தர்தான். நேக்குச் சம்மதம்.”

நான் அதோடு விட்டிருப்பேன். பக்கத்தில் நின்ற ஹரிதான் ஃபோனைப் பிடுங்கி, எழுதியது சம்சாரம், மாற்றியது எடிட்டர் என்று, தன் மலையாள ‘சம்சாரம்’ உட்பட எல்லாவற்றையும் உளறிக் கொட்டினான். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

“பரவாயில்லை. சம்சாரம் வந்தா பேச்சும் கூடவே வரும். ஆனா தப்பு தப்புதான். ‘சம்சாரம் என்றால் மனைவி’ன்னு நூறு தடவை எழுதி எடுத்துண்டு நிச்சயதார்த்தத்துக்கு வாங்கோ. கையால.”

ஃபோனை வைத்ததும் ஹரியின் முகத்தில் என்ன பிரகாசம்! “அத்தே, நூறு தடவை வர ஒரு கீ செட் பண்ணிண்டா...”

கை என்றால் மலையாளத்திலும் கைதான்டா!