யென்னி வைத்த கற்கள்

ஒஸ்லோவில் யென்னி அம்மா ஏறி இறங்காத நாடக அரங்கு கிடையாது. தையல் வேலை செய்து மூன்று பிள்ளைகளை ஆளாக்கிய யூத மனுஷி. அடுப்பில் சூப் கொதிக்கும் நேரத்திலும் தூரிகையும் கையுமாக நின்றவர். குளிருக்குப் புதுச் சப்பாத்து வாங்காத வருடங்கள் உண்டு. பிள்ளைகளைக் கச்சேரிக்குக் கூட்டிப்போகாத வருடம் இல்லை. உச்சி வரிசை இருக்கைதான், ஆனாலும் போவார்கள்.

இதெல்லாம் அவரே ராசமலருக்குச் சொன்னது. மன்னாரிலிருந்து வந்து நகரின் ஓரத்து ஹவுகன்ஸ்டுவாவில் குடியிருக்கும் ராசமலர், ஆறு வருடமாக அவரைக் குளிப்பாட்டிச் சாப்பாடு கொடுக்கும் பராமரிப்பு வேலைக்காரி. கால் வழங்காமல் போன பிறகு யென்னி அம்மாவுக்கு ஒரே கவலை, கணவர் ஆரோனின் கல்லறைக்குப் போக முடியவில்லையே என்பது.

ராசமலரின் கை சும்மா இருக்குமா? மரித்தோர் திருநாளுக்கு முதல் நாள், ஊரில் சேமக்காலைக் கல்லறைகளைத் துப்புரவாக்குவதுபோல, கூட்டும் தும்புத்தடியும் வாளியுமாக யூதர்களின் மயானத்துக்குப் போனாள். ஆரோனின் கல்லறைமேல் கூழாங்கற்கள் குவிந்து கிடந்தன. யாரோ விளையாட்டுப் பிள்ளைகளின் வேலை என்று நினைத்து, வழித்து அள்ளி நடைபாதைச் சரளையோடு கொட்டினாள். தேய்த்துக் கழுவி, மெழுகுதிரி கொளுத்தி, போனில் படமும் எடுத்துவந்து காட்டினாள்.

யென்னி அம்மா படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு அவள் கையைப் பிடித்து, “எவ்வளவு பாடுபட்டிருக்கிறாய்!” என்றார். ராசமலருக்குப் பெருமை பிடிபடவில்லை.

சித்திரையில் யென்னி அம்மா கண்ணை மூடினார். அடக்கம் முடிந்து, யூத வழக்கப்படி எல்லோரும் மூடிய குழிமேல் ஆளுக்கொரு சிறு கல் வைத்தார்கள். திராமன் நகரிலிருந்து வந்திருந்த மகள் எமிலியா, பக்கத்திலிருந்த ஆரோனின் கல்லறையை ராசமலருக்குக் காட்டினாள்.

“கச்சேரியோ நாடகமோ பார்த்துவிட்டு வந்தால் அம்மா இங்கே ஒரு கல் வைப்பார். பார்த்ததை அப்பாவுக்குச் சொல்வார். பத்தொன்பது வருடக் கற்கள். பனி அள்ளும் வண்டி தள்ளிக்கொண்டு போய்விட்டது என்றார் அம்மா.”

ராசமலர் நடைபாதையைப் பார்த்தாள். எல்லாம் ஒரே சரளை. எதைப் பொறுக்குவது?

பஸ் தரிப்பிடத்தில் நின்று தங்கை றோசுக்குப் போன் எடுத்து அழுதாள்.

“நான்தானடி கூட்டித் தள்ளினனான். படத்தைப் பாத்த அண்டைக்கே அவவுக்குத் தெரியும். ஒரு சொல் ஏசேல்லை, ஆருக்கும் காட்டிக்குடுக்கவுமில்லை.”

“மகளிட்டை உண்மையைச் சொல்லுங்கோவன் அக்கா.”

“சொன்னா, எனக்காக அவ சொன்ன பொய்யையும் நானெல்லோ கூட்டித் தள்ளுறன்? இனி நான் ஆரிட்டைப் போய் மன்னிப்புக் கேக்கிறது?”