செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த மாத்திரை

எங்கள் பஞ்சாயத்தில், தீராத நோயாளிகளை வீட்டுக்கே வந்து பார்க்கும் பாலியேட்டிவ் வண்டிக்குக் காசு கிடையாது. நர்ஸும் ஆஷா வொர்க்கரும் ஜீப்பில் வருவார்கள். மூத்திரக் குழாய் மாற்றுவார்கள், படுக்கைப்புண்ணைத் துடைத்துக் கட்டுவார்கள், மருந்து கொடுப்பார்கள், போய்விடுவார்கள். காப்பி கொடுத்தால் குடிப்பார்கள், அவ்வளவுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவின் கடைசி நாட்களில் நாங்கள் செலவழித்த பணமெல்லாம் எங்கள் கொழுப்புக்குச் செலவழித்தது.

அப்பாவுக்குப் புராஸ்டேட்டில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்புக்குப் போயிருந்தது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கையை விரித்து, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்கள் வீடு எருத்தேன்பதியில், எல்லைக்குக் கேரளப் பக்கம். அண்ணன் வீடு தமிழ்நாட்டுப் பக்கம், நாலு கிலோமீட்டர்தான். நடுவில் ஒரு செக்போஸ்ட்.

பஞ்சாயத்து நர்ஸ் முதல் நாள் வந்தபோது அப்பாவால் புரண்டு படுக்கக்கூட முடியவில்லை. அடுத்த முறை டாக்டரையும் கூட்டிவந்து, மார்ஃபின் மாத்திரையும் சீட்டும் கொடுத்தார். என்னையும் என் மனைவியையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்: “வலி வந்த பின்னாடி கொடுக்கக் கூடாது. வர்றதுக்கு முன்னாடி கொடுக்கணும். நாலு மணிக்கூருக்கு ஒண்ணு, மணி பாத்து. காலி அட்டையைத் தூக்கிப் போடாதீங்க, நான் எண்ணி எடுத்துட்டுப் போகணும்.” என் மனைவி அப்படியே செய்தாள். மூன்றாம் நாள் அப்பா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து மோர்ச்சோறு கேட்டார். அந்த ஒரு மாதம் எங்கள் வீட்டில் யாரும் அழவில்லை.

அப்போதுதான் என் மகளுக்குப் பக்கத்துப் பஞ்சாயத்திலிருந்து ஒரு வரன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அண்ணன் ஓடி வந்தார்.

“ஏன்டா, வர்றவங்க கண்ணுல அந்தச் சாவு வண்டி பட்டா நல்லாவா இருக்கும்? போர்டு வேற பெருசா எழுதி வெச்சிருக்கறானுங்க. அப்பாவ நான் கூட்டிட்டுப் போறேன்.”

பழியை அண்ணன் மேல் போட்டுவிட்டு நான் தப்பிக்க முடியாது. அதற்கு முந்தின வாரமே, ஜீப்பை மாரியம்மன் கோயில் முக்கிலேயே நிறுத்தச் சொல்லி டிரைவரிடம் கேட்டுக்கொண்டவன் நான்தான். நர்ஸ் அந்த வெயிலில் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தார்.

“அங்க நம்ம சிஸ்டர் வர முடியாதுங்களேண்ணா” என்றேன் ஒப்புக்கு. கேரளப் பஞ்சாயத்து வண்டி எல்லை தாண்டாது.

“ஓசில வர்றவங்க என்னத்தப் பாத்துருவாங்க? நான் கோயமுத்தூர்ல இருந்து நர்ஸ் வரச் சொல்றேன். காசு குடுத்தா ஒழுங்கா பாப்பாங்க” என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. அப்பாவை யாரும் கேட்கவில்லை. காரில் படுக்கவைத்த பிறகு அவர்தான் கேட்டார்: “எத்தன நாளைக்குக் கண்ணு?”

“நாலு நாளுங்கப்பா.”

மனைவி மாத்திரை டப்பாவை எடுத்து வந்தாள். அண்ணன் கையை நீட்டித் தடுத்தார். “அது போதை மாத்திரைடா. செக்போஸ்ட்ல புடிச்சான்னா பொண்ணு கல்யாணமே நின்னு போகும்.”

“சீட்டு இருக்குதுங்ண்ணா.”

“மலையாள டாக்டர் சீட்ட அவன் என்ன கண்டான்?”

அந்தச் செக்போஸ்ட் வழியாக எங்கள் ஊர்க்காரர்கள் கொண்டுபோகாத பொருள் இல்லை. ரேஷன் அரிசி மூட்டை போகும், கள்ளு கேன் போகும், அதையெல்லாம் சிரித்துக்கொண்டே பேசுவோம். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துக்கு மட்டும் பயந்துவிட்டோம். “நான் முந்தானைல முடிஞ்சு எடுத்துட்டு வர்றனுங்க” என்றாள் மனைவி. உனக்கு ஒன்றும் தெரியாது, சும்மா இரு என்று அவள் வாயை அடைத்தேன். டப்பாவை பீரோவில் மகளின் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தேன்.

கோயமுத்தூர் நர்ஸ் வந்தார். நல்ல பெண்தான், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்க அவருக்கு அனுமதி இல்லை. வந்ததற்குத் தனி, வண்டிக்குத் தனி, கையுறைக்குத் தனி என்று அண்ணன் போனுக்கு பில் வரும். பெருமையாக என்னிடம் காட்டுவார், நான் பாதியைக் கொடுப்பேன். மார்ஃபின் கேட்டபோது, “அது எங்ககிட்ட இல்லீங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்து டாக்டர்கிட்டக் காட்டணுங்க” என்றார். தூக்கி உட்காரவைத்தாலே அலறுகிறவரை எப்படிக் கூட்டிப்போவது? ஊசி போட்டார்கள், டிரிப் ஏற்றினார்கள். அப்பாவின் வலி எதற்கும் அடங்கவில்லை.

பெண் பார்த்துப் போனவர்கள் பிடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். நிச்சயம் முடியட்டும் என்று நாலு நாளைப் பத்து நாளாக்கினோம். அப்பா அண்ணன் வீட்டில் இருப்பது தெரிந்து பஞ்சாயத்து நர்ஸ் போன் செய்தார்.

“அச்சன் எப்படி இருக்கார்? மாத்திரை இருக்கா?”

“இருக்குதுங்க சிஸ்டர்” என்றேன். பொய்யில்லை, பீரோவில் இருந்தது.

ஒருநாள் அப்பா தலையணை உறையைப் பல்லால் கடித்துக்கொண்டு கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை ஓர் அட்டையை மட்டும் சாப்பாட்டுத் தூக்கில் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தேன். செக்போஸ்ட்டில் இரண்டு போலீஸ்காரர்கள் ஒரு வேனை நிறுத்தியிருந்தார்கள். என்னை யாரும் கை காட்டக்கூட இல்லை. நானே டீக்கடை ஓரம் ஒதுங்கி, ஒரு டீ குடித்துவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். கஞ்சிக்கோட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனிக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை இன்றுவரை வீட்டில் சொன்னதில்லை.

பத்து நாள் கடந்தும் அப்பாவைத் திரும்பக் கூட்டிவரவில்லை. பத்தொன்பதாம் நாள் அவர் அண்ணன் வீட்டிலேயே செத்துப்போனார். கடைசி இரண்டு நாள் அவர் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. வண்டி நின்றால் தெருவுக்குத் தெரியும் என்று பயந்தவர்கள் நாங்கள்.

துக்கம் கேட்க மாப்பிள்ளையின் அம்மா வந்தார். “ஏனுங்க, உங்க பஞ்சாயத்து பாலியேட்டிவ்ல சொல்லி வெக்கலீங்களா? எங்க மாமனாருக்கு ரெண்டு வருசமா எங்க பஞ்சாயத்து சிஸ்டருங்கதானுங்க வந்து பாத்தாங்க. அந்தப் புண்ணியவதிக இல்லீன்னா நாங்க என்னாயிருப்போமோ” என்றார். அண்ணன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். நான் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறென்ன செய்வது?

காரியம் முடிந்து இரண்டு நாள் கழித்து நர்ஸ் எங்கள் வீட்டுக்கு வந்தார். இறந்தவர் வீட்டுக்கு ஒருமுறை வந்து பார்ப்பது அவர்கள் வழக்கம். மிச்ச மாத்திரையையும் திருப்பி வாங்க வேண்டுமாம். டப்பாவைக் கொண்டுவந்து வைத்தேன். பிரித்து எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பிறகு ரெஜிஸ்டரைத் திறந்து, குனிந்தபடியே கேட்டார்:

“கடைசி நாள்ல அச்சனுக்கு வலி இருந்ததா?”

மனைவி சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்லீங்க சிஸ்டர். தூக்கத்துலயே போயிட்டாருங்க.”

நர்ஸ் மாத்திரைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வலி இல்லை என்று எழுதினார். ரெஜிஸ்டரை என் பக்கம் திருப்பிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். பக்கத்துக் கட்டத்தில் இறந்தவருக்கு என்ன உறவு என்று எழுத வேண்டும் என்றார். மகன் என்று எழுதினேன்.