பதினான்கு அங்குலம்

ஒரு ரசீது என்னிடம் இருக்கிறது: கலர் மானிட்டர், பதினான்கு அங்குலம், எண்ணிக்கை ஒன்று. தேதி 10-5-2003. வாங்கியது ஞாயிற்றுக்கிழமை என்று அம்மா இன்றும் சாதிக்கிறாள். நாள்காட்டியில் பார்த்துவிட்டேன், சனிக்கிழமை. அந்தக் கடை ஞாயிறு திறப்பதில்லை என்பதும் எனக்குச் சாதகம்.

அப்போது எனக்குப் பத்து வயது, அண்ணனுக்குப் பதினாறு. எங்கள் குடும்பம் தென்காசிப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்திருந்தது. அப்பா ஆரியசாலையில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் கணக்கு எழுதினார். அந்தக் கோடையில் சித்தப்பா, தன் அலுவலகத்தில் கழித்துப் போட்ட ஒரு கம்ப்யூட்டரை எங்களுக்குக் கொண்டுவந்து தந்தார். பெட்டியும் கீபோர்டும் இருந்தன, மானிட்டர் இல்லை. ஒரு மாதம் அது கட்டிலுக்கடியில் கிடந்தது. அம்மா அதையும் தினமும் துடைத்தாள்.

எனக்கும் அண்ணனுக்கும் வேண்டியிருந்தது ஒரு கார் பந்தயம்தான். அண்ணனின் நண்பன் வீட்டில் அதை ஆடியிருக்கிறோம். இரண்டு பேர் ஆடினால் திரை குறுக்கே இரண்டாகப் பிரியும். மேல் பாதி ஒருவருக்கு, கீழ்ப் பாதி மற்றவருக்கு. அந்த வீட்டில் இருந்தது பதினேழு அங்குலம். அதிலேயே என் பாதியில் வளைவு வருவது தெரியாமல் நான் மதிலில் முட்டிக்கொண்டிருந்தேன். ஆகவே எனக்குப் பதினேழுக்குக் குறைந்து எதுவும் ஆகாது. ராத்திரி படுத்துக்கொண்டு அதையே அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் 'ம்' என்றான்.

அப்பா போகும் வழியிலேயே சொல்லிவிட்டார்: "ஒரு தடவதான் எடுப்பேன். நாளைக்கு மாத்தணும், பெருசு வேணும்னு வந்து நிக்கப்பிடாது. பாத்து எடுங்க."

கடை ஒரு மாடியில் இருந்தது. மேசையில் மூன்று திரைகள் ஓடிக்கொண்டிருந்தன. பதினேழு, பதினைந்து, ஓரத்தில் பழைய சரக்காகத் தேங்கிப்போன ஒரு பதினான்கு. பதினேழின் விலையைக் கேட்டதும் அப்பா கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். பதினைந்துக்குத் துடைக்கவில்லை. அதற்கு மனதில் தயாராகித்தான் வந்திருக்கிறார் என்று எனக்கே விளங்கியது.

அண்ணன் ஒவ்வொரு திரையையும் முதலில் கிட்ட நின்று பார்த்தான். பிறகு பின்வாக்கில் நடந்து, கதவோடு ஒட்டி நின்று பார்த்தான். பதினேழின் முன்னால் அவன் தலை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குத் திரும்பியது, மதிலில் எழுதியிருப்பதைப் படிக்கிறவனைப்போல. பதினான்கின் முன்னால் தலை அசையவில்லை.

"இது போதும்" என்றான்.

கடைக்காரர் மலையாளி. சாலைக் கடைத்தெருவின் தமிழ் வியாபாரிகளோடு பழகிப் பழகி ஒரு தமிழ் வைத்திருந்தார். "மோனே, இது ஆபீஸ்ல கணக்குப் போடுறதுக்கு உள்ள சாதனமாக்கும். களிக்கணும்னா, வெளையாடணும்னா, பதினேழு எடு. இல்லெங்கில் பதினஞ்சாவது எடு."

"அதுல படம் நடுங்குது. இது நடுங்கல" என்றான் அண்ணன்.

எனக்கு எதுவும் நடுங்கியதாகத் தெரியவில்லை. "இதுல எனக்கு அரைச் சாண்தான் வரும்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"அரைச் சாண்லயே நீதான் ஜெயிப்பே. பேசாம இரிடீ."

அப்பா அவனைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. பரீட்சையில் முதலாவதாக வந்தபோதுகூட அப்படிப் பார்த்ததில்லை. "ஏலே, அப்பா கையக் கடிக்கும்னு பாக்கியாலே? பதினஞ்சு எடுத்துக்கோ" என்றார். அண்ணன் தலையாட்டி மறுத்தான். "பையன் கொள்ளாம் சாரே, நல்ல பையன்" என்றார் கடைக்காரர், பழைய சரக்கு தொலைந்த நிம்மதியில். அப்பாவைக் காக்கா பிடிக்கிறான் என்று நான் முடிவு செய்தேன்.

படியிறங்கும்போது அண்ணன் கடைசிப் படியைத் தவறவிட்டான். சாலைக் கடைத்தெருவில் பக்கவாட்டில் அடுக்கியிருந்த மூட்டையில் மோதினான். "மானிட்டர் நெனப்புலயே நடக்கான்" என்றார் அப்பா. கோபமே இல்லை.

ஆரியசாலையில் அந்த வாரம் முழுக்க அதுதான் பேச்சு. "பதினேழு எடுலேன்னு கெஞ்சினேன், கேக்கலியே" என்று அப்பா சொல்லக் கேட்டேன். கெஞ்சியது பதினைந்துக்குத்தான் என்பதை நான் திருத்தவில்லை. மொத்தக் கடைக்காரர்கள் நடுவே, செலவைக் குறைக்கச் சொல்லாமலே குறைத்த பிள்ளை ஓர் அதிசயம். முதலாளி அவனைக் கூப்பிட்டு ஒரு பொட்டலம் முந்திரிப்பருப்பு கொடுத்தார். அண்ணன் வாங்கிக்கொண்டான். வேறென்ன செய்வான்?

விளையாட்டில் உண்மையாகவே நான்தான் ஜெயித்தேன். திரைக்கு முன்னால் இருந்த நாற்காலியை எனக்கு விட்டுவிட்டு, அவன் அறைக்கோடிக்குப் போய்க் கட்டிலில் உட்காருவான். அங்கே வயர் எட்டாததால் தனக்கென்று இன்னொரு கீபோர்டும் நீளமான வயரும் தேடி வாங்கி மாட்டினான். நல்ல இடத்தை எனக்குத் தந்துவிட்டதாக நினைத்து, காக்கா பிடித்ததை மன்னித்தேன். பந்தயத்தில் பக்கத்திலிருந்து வரும் கார் அவனை எப்போதும் இடித்துத் தள்ளியது. பொழுது சாய்ந்தால் அவன் வெளியே வருவதில்லை. தெருவில் பக்கத்தில் வந்தவர்களைக் கண்டுகொள்ளாமல் போகிறான் என்று சொந்தக்காரர்கள் குறைப்பட்டார்கள். கம்ப்யூட்டர் பைத்தியம் என்று எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் சொல்லப்பட்டது.

அடுத்த வருடம் ஒரு மாலையில் அவன் திறந்து கிடந்த சாக்கடை ஓடையில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான். கட்டுப்போட்ட டாக்டர், கண்ணைக் காட்டச் சொன்னார். கண் டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வருகிறது, பல வருடங்களாக. இப்போது ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் பார்க்கிறான். மருந்து இல்லை. பிறகு அப்பாவிடம், கல்யாணம் சொந்தத்திலா என்று கேட்டார்.

"அக்கா மகளத்தான் கெட்டியிருக்கேன்" என்றார் அப்பா. அம்மா பக்கத்தில் இருந்தாள். அவள் அப்பாவைக் கூப்பிடுவதே மாமா என்றுதான். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர்.

அந்த வாக்கியம் ஆஸ்பத்திரியிலேயே நின்றுவிட்டது. எங்களில் அக்கா மகளைக் கட்டுவது உரிமை, கட்டாமல் விட்டால்தான் பழி. அதைத் தப்பென்றால் இரண்டு வீட்டையும் தப்பென்று சொல்லவேண்டும். ஆகவே வீட்டில் வேறொரு காரணம் வளர்ந்தது. "அந்தப் பெட்டிதான் பிள்ளைக்க கண்ணத் தின்னுட்டு" என்றாள் அம்மா. அப்பா இன்னும் ஒரு படி போனார். சின்னத் திரையை உற்று உற்றுப் பார்த்ததால் போன கண் அது. பதினேழு வாங்கியிருந்தால் போயிருக்காது. தான் நாலு காசைப் பார்த்ததால் பையனுக்குக் கண் போயிற்று. ஆரியசாலையில் யாராவது பழைய கதையை எடுத்துப் பாராட்டினால் எழுந்து வெளியே போய்விடுவார்.

உண்மை நேர்மாறானது என்பதை நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் யோசித்துக் கண்டுபிடித்தேன். கண் ஏற்கெனவே சுருங்கியிருந்ததால்தான் அண்ணன் சின்னத் திரையை எடுத்தான். தலையைத் திருப்பாமல் முழுசாகத் தெரிந்தது அது ஒன்றுதான். தள்ளி உட்கார்ந்ததும் அதற்காகத்தான். பதினாறு வயதில் தன் கண்ணைப் பற்றி யாரிடமும் சொல்லத் தெரியாமல் இருந்தவனுக்கு, அப்பாவின் பாராட்டு வசதியான மறைப்பாக அமைந்துவிட்டது. முந்திரிப்பருப்பு வாங்கிய பிறகு எப்படிச் சொல்வது?

அப்பா 2016-ல் போனார். கடைசி வருடங்களிலும், பக்கத்து வீட்டில் டிவி வாங்குகிறார்கள் என்றால் கூப்பிட்டுச் சொல்வார்: "பெருசா பாத்து எடுங்கப்பா."

அண்ணன் இப்போது வெளிச்சம், இருட்டு மட்டும் அறிவான். கண்ணுக்காகத்தான் சின்னதை எடுத்தாய் என்று அப்பாவிடம் எப்போதாவது சொன்னாயா என்று சென்ற மாதம் கேட்டேன்.

"சொல்லியாச்சு. ஆஸ்பத்திரி வராந்தாவுலயே சொல்லியாச்சு. ஏன், இப்ப எதுக்கு?"

அம்மாவிடம் கேட்டேன். அந்த வராந்தாவில் அவர்கள் இருவரையும் விட்டுத் தான் ஒரு நிமிடமும் நகரவில்லை, அப்படி எதுவும் அவன் பேசவில்லை என்கிறாள். அம்மாவின் நினைவில் கிழமைகள் தவறும். அண்ணன் நான் வருத்தப்படக்கூடாது என்று பொய் சொல்லக்கூடியவன். சொல்லியும் அப்பா அந்தப் பழியைத் தானே வைத்துக்கொண்டாரா, சொல்லப்படவே இல்லையா என்பது தெரியவில்லை. இது சரிபார்க்கப்படாதது.